வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எவ்வளவு ரேம் வேண்டும்? ஒரே நேரத்தில் என்னென்ன திறந்திருக்கும் என்று முதலில் எண்ணுங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப் இருக்கிறது. 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். எதைத் திறந்தாலும் ஹேங் ஆகிறது. இப்போது வீட்டுக்குப் பொதுவாக ஒரு புது கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்கள். நீங்கள் டாலி போடுவீர்கள், யூடியூப் பார்ப்பீர்கள். மனைவி வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் டிசைன் செய்ய ஆரம்பித்திருக்கிறார். மகன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. கடைக்காரர் "8 ஜிபி தாராளம் சார்" என்கிறார். மகன் "32-க்குக் குறைஞ்சா வேஸ்ட்" என்கிறான். யார் சொல்வது சரி, பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்கிறேன். 8 வேண்டாம். 16 எடுத்தால் மூன்று பேர் வேலையும் ஓடும். ஆனால் உங்கள் மனைவி ஆல்பம் வேலையைத் தொழிலாகவே எடுத்துச் செய்யப் போகிறார் என்றால் 32 எடுங்கள். மகன் சொன்ன எண்தான், ஆனால் அது அவனுடைய கேமுக்காக இல்லை, அவன் அம்மாவுடைய வேலைக்காக. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கினால்தான் கடையில் போய் நின்று உங்களால் தீர்மானமாகப் பேச முடியும்.

ரேம் என்பது சமையல் மேடை மாதிரி. ஸ்டோரேஜ், அதாவது 512 ஜிபி, 1 டிபி என்று சொல்கிறார்களே, அது கடை. மேடை பெரிதாக இருந்தால் சமையல் ருசியாகிவிடாது, அடுப்பு வேகமாகவும் எரியாது. ஒரே நேரத்தில் எத்தனை பாத்திரம், எத்தனை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கலாம் என்பதை மட்டும்தான் மேடையின் நீளம் தீர்மானிக்கும். இடம் போதாவிட்டால் ஒன்றைக் கடையில் கொண்டு போய் வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வர வேண்டும். கம்ப்யூட்டர் ஹேங் ஆகும்போது பெரும்பாலும் நடப்பது இந்த எடுத்து வைப்பதும் எடுத்து வருவதும்தான்.

இதில் எவ்வளவு நேரம் போகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் புரியும். ரேமில் இருக்கும் ஒன்றை எடுக்க ஆகும் நேரம், தோராயமாக ஒரு நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு. எஸ்எஸ்டியில், அதாவது சுற்றும் பாகம் இல்லாத சிப் டிஸ்க்கில் இருந்து எடுக்க, ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எடுக்க, நூறில் ஒரு பங்கு. எல்லாமே கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது போலத்தான் தெரியும். இதை நம் அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள். மேடையில் இருக்கும் உப்பை எடுக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி என்பது உப்பு வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போய் வருவது, கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஹார்ட் டிஸ்க் என்பது உப்புக்காக இன்னொரு ஊருக்குப் பஸ் ஏறிப் போய், மறுநாள் திரும்பி வருவது: கிட்டத்தட்ட 28 மணி நேரம். உங்கள் பழைய லேப்டாப்பில் 4 ஜிபி நிறைந்த பிறகு ஒவ்வொரு கிளிக்கும் அந்தப் பஸ்ஸில்தான் போய் வருகிறது. லேப்டாப் மேல் தப்பு இல்லை, வேலை அதன் மேடையை விடப் பெரிதாகிவிட்டது.

அதனால்தான் "எவ்வளவு ரேம் நல்லது" என்று கேட்டால் யாராலும் நேராகப் பதில் சொல்ல முடிவதில்லை. உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் என்னென்ன திறந்திருக்கும் என்று கேட்டால் உடனே பதில் வந்துவிடும். அதை ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம்.

என் அக்கா வீட்டு லேப்டாப்பில் செய்ததைச் சொல்கிறேன். அதுவும் 4 ஜிபிதான். மாலை ஆறு மணிக்கு மேல் போய் உட்கார்ந்தேன், ஏனென்றால் அந்த வீட்டில் கம்ப்யூட்டர் பரபரப்பாக இருப்பது அப்போதுதான். எதையும் மூட வேண்டாம், வழக்கம் போல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். குரோமில் இருபத்து மூன்று டேப், வாட்ஸ்அப், ஒரு எக்செல் ஃபைல், பையனுடைய ஆன்லைன் டியூஷன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொட்டால் சில எண்கள் வரும். அக்கா லேப்டாப்பில் 'இன் யூஸ்' 3.5 ஜிபி. 'கமிட்டெட்' என்ற இடத்தில் 7.1 / 9.2. பக்கத்திலேயே டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

எல்லோரும் பார்ப்பது 'இன் யூஸ்' எண்ணை. நான் பார்க்கச் சொல்வது 'கமிட்டெட்' எண்ணை. திறந்திருக்கும் புரோகிராம்கள் எல்லாம் சேர்ந்து "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று கேட்டு வாங்கியிருக்கும் மொத்தக் கணக்கு அது. சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது கேட்டது, பின்னால் இருப்பது ரேமும் டிஸ்க்கில் ஒதுக்கிய பேஜ் ஃபைலும் சேர்ந்த உச்ச வரம்பு. 4 ஜிபி மேடையில் 7 ஜிபிக்குச் சாமான் கேட்கிறார்கள் என்றால் மீதி எங்கே இருக்கும்? டிஸ்க்கில். அதனால்தான் டிஸ்க் நூறில் நிற்கிறது. கேட்டதை எல்லாம் புரோகிராம்கள் முழுக்கப் பயன்படுத்துவதில்லை, அதனால் இது துல்லியக் கணக்கு இல்லை. இருந்தாலும் உங்கள் பரபரப்பான நேரத்தில் இந்த எண் ரேம் அளவுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒன்றரை மடங்கைத் தாண்டினால் பெரும்பாலும் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

அங்கே ஒரு 8 ஜிபி ரேம் ஸ்டிக் சேர்த்தோம். மொத்தம் 12. ஹேங் நின்றது. ஒரு வாரம் கழித்து அக்கா போன் செய்து, "ரேம் போட்டும் அதையும் சாப்பிடுதுடா, முன்னாடி மூணரை எடுத்துச்சு, இப்ப ஆறரை எடுக்குது" என்று வருத்தப்பட்டாள். அவளைப் போலவே நிறையப் பேர் இப்படிப் பயப்படுகிறார்கள். அது சாப்பிடுவது இல்லை. முன்பு டிஸ்க்கில் ஒதுங்கிக் கிடந்தவை இப்போது ரேமிலேயே இருக்கின்றன. அதற்கு மேலும் மிச்சம் இருந்தால் விண்டோஸ் நீங்கள் அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே கொண்டு வந்து 'கேஷ்டு' என்ற கணக்கில் வைத்துக்கொள்ளும். வேறு யாராவது இடம் கேட்டால் அந்த நிமிடமே விட்டுக் கொடுத்துவிடும். காலியாகக் கிடக்கும் ரேமால் யாருக்கும் லாபம் இல்லை. எனவே "ரேம் கிளீனர்", "ரேம் பூஸ்டர்" என்று வருபவற்றை நிறுவாதீர்கள். மேடையில் எடுத்து வைத்ததை எல்லாம் அவை திரும்பக் கடைக்கே அனுப்பிவிட்டு, "பாருங்கள், மேடை காலி" என்று எண் காட்டும். அடுத்த நிமிடம் நீங்கள் தொடும்போது எல்லாம் மறுபடி டிஸ்க்கில் இருந்து வர வேண்டும்.

பிரவுசர் ஏன் இவ்வளவு கேட்கிறது என்பதும் பலருக்குக் குழப்பம். குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கிறது. 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர் என்ற பிராசஸர் ஓட்டை வெளியே வந்த பிறகு, ஒரு தளம் இன்னொரு தளத்தின் மெமரியை எட்டிப் பார்க்கக் கூடாது என்று அதே ஆண்டு இந்தப் பிரிப்பை எல்லோருக்கும் இயக்கி வைத்தார்கள். உங்கள் பேங்க் பக்கமும், எங்கிருந்தோ வந்த விளம்பரப் பக்கமும் ஒரே அறையில் இல்லாமல் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலைதான் அந்தக் கூடுதல் ரேம். அது நியாயமான விலை என்றே நினைக்கிறேன். எந்த டேப் அதிகம் எடுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள், தனிப் பட்டியல் வரும். செட்டிங்ஸில் மெமரி சேவர் என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் ரொம்ப நேரம் தொடாத டேப்களைத் தூங்க வைத்துவிடும்.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம்.

உங்கள் டாலிக்கும் யூடியூபுக்கும் 8 போதும். கடைக்காரர் உங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார், அவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சம் 4 ஜிபி. 2001-இல் வந்த எக்ஸ்பிக்கு அந்தக் குறைந்தபட்சம் 64 எம்பியாக இருந்தது. இந்தக் குறைந்தபட்ச எண்ணுக்கு அர்த்தம் ஒன்றுதான்: விண்டோஸ் திறக்கும். அதன் மேல் நீங்கள் வேலை செய்ய முடியும் என்று அது சொல்லவில்லை. 8 ஜிபி மெஷினில் விண்டோஸ் 11-ஐத் திறந்து, ஆன்டிவைரஸ், ஒன்டிரைவ் எல்லாம் எழுந்து உட்கார்ந்த பிறகு பார்த்தால், நீங்கள் ஒன்றும் தொடாமலேயே மூன்று, நான்கு ஜிபி போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரைக்கான மெமரியும் இதே ரேமில் இருந்துதான் போகிறது. சில மெஷின்களில் 2 ஜிபியை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பார்கள். "8 ஜிபி வாங்கினேன், 5.9 தான் யூஸபிள் என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று வரும் புகார்கள் பலவற்றுக்குக் காரணம் இதுதான். ஏமாற்று இல்லை. ஆனால் 8-இல் 2 போவதும் 16-இல் 2 போவதும் ஒன்றில்லை என்பதை வாங்கும்போதே நினைவில் வையுங்கள்.

அப்புறம், மூன்று பேர் பயன்படுத்தும் வீட்டில் யாரும் சொல்லாத ஒரு விஷயம். மகன் தன் அக்கவுன்ட்டில் ஏதோ செய்துகொண்டிருக்கிறான். அவசரமாக உங்களுக்கு ஒரு ரசீது அடிக்க வேண்டும். அவன் 'சைன் அவுட்' செய்யாமல், 'ஸ்விட்ச் யூசர்' கொடுத்துவிட்டு எழுந்து போகிறான். நீங்கள் உங்கள் அக்கவுன்ட்டில் நுழைகிறீர்கள். அவன் திறந்து வைத்தவை எல்லாம் பின்னால் அப்படியே ரேமில்தான் இருக்கின்றன. அவனுடைய முப்பது டேப், அவனுடைய எமுலேட்டர் (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் மாதிரி ஃபோன்), அதற்கு மேல் உங்கள் டாலி. 'இன்று மட்டும் ஏன் ஸ்லோ' என்று நீங்கள் நினைப்பீர்கள். பொதுக் கம்ப்யூட்டர் என்றால் எழுந்து போகும்போது சைன் அவுட் என்பதை வீட்டுப் பழக்கமாக்குங்கள். அது நடக்காது என்று தெரிந்தால், ரேமை அதற்கும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உங்கள் வீட்டுக்கு 8 வேண்டாம் என்று நான் அடித்துச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

மகன் பக்கம். பைதான், சி படிக்க 8-கூடப் போதும். ஃபோன் ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் அதன் எமுலேட்டரும் திறந்தால் 8-இல் திணறும், 16-இல் நடக்கும். கேம்களில் சைபர்பங்க் 2077-ஐ எடுத்துக்கொண்டால், அதைச் செய்தவர்களே இப்போது குறைந்தபட்சம் 12, பரிந்துரை 16 என்று போட்டிருக்கிறார்கள். கேமுக்கு 16-க்கு மேல் போகும் காசைக் கிராஃபிக்ஸ் கார்டில் போடுவதுதான் அறிவு, இதை அவனிடம் நானே சொன்னதாகச் சொல்லுங்கள். ஏஐ மாடல்களை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், 800 கோடி பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட ஒரு சின்ன மாடல் 4-பிட் சுருக்கத்தில் 4, 5 ஜிபி எடுத்துக்கொள்ளும். அதுவும் 16-க்குள் அடங்கிவிடும்.

இப்போது உங்கள் மனைவியின் வேலை. இதில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வீட்டிலேயே கனமான வேலை இதுதான், ஆனால் கேள்வியில் ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள்.

கல்யாண ஆல்பத்தில் விரித்தால் 12-க்கு 36 இன்ச் என்பது நம் ஊரில் சர்வசாதாரண சைஸ். அச்சுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி. அப்படியானால் ஒரு விரிப்பு 3,600-க்கு 10,800 புள்ளி, மொத்தம் கிட்டத்தட்ட 3.9 கோடி. ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். முழுச் சைஸ் லேயர் ஒன்றுக்கே 117 எம்பி ஆகிறது. பின்னணி ஒன்று, அதன் மேல் டெக்ஸ்சர் ஒன்று, மணமக்கள் படத்தை மங்கலாக விரித்துப் போட்டது ஒன்று. இந்த மூன்றிலேயே 350 எம்பி தாண்டிவிட்டது. இன்னும் தாலி கட்டும் படம் வரவில்லை, மாலை மாற்றும் படம் வரவில்லை. கேமராவில் இருந்து வரும் 24 மெகாபிக்சல் ஜேபெக் ஃபைல் டிஸ்க்கில் 10 எம்பி அளவில்தான் இருக்கும். ஆனால் திறந்ததும் அது சுருக்கம் அவிழ்ந்து 72 எம்பியாக ரேமில் உட்காரும். "ஃபைல் சின்னதுதானே, ஏன் சிஸ்டம் தடுமாறுது" என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் பதில் இந்த அவிழ்ப்பில் இருக்கிறது.

அதோடு ஃபோட்டோஷாப், செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுவதற்காக ஒவ்வொரு படியையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. முழுச் சைஸ் பின்னணியில் ஒரு ஃபில்டர் போட்டால், முந்தைய நிலையும் புதிய நிலையும் இரண்டுமே இருக்க வேண்டும். டிசைன் செய்பவர்கள் ஒரு விரிப்பை மட்டும் திறந்து வைத்திருப்பதும் இல்லை. நிறம் ஒன்றாக வர வேண்டுமே என்று முந்தையதையும் அடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்று விரிப்பு திறந்திருந்தால் நாலைந்து ஜிபி என்பது எளிதாகப் போய்விடும். ஃபோட்டோஷாப் இயல்பாகக் கிடைக்கும் ரேமில் 70 சதவீதம் வரைதான் தனக்கு எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை மற்றவர்களுக்கு விட்டுவைக்கும். அடோபி குறைந்தபட்சம் 8, பரிந்துரை 16 என்று சொல்வது இதையெல்லாம் வைத்துத்தான்.

அவருக்கு 16 போதுமா, 32 வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஃபோட்டோஷாப்பிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. சாளரத்தின் அடியில் இடது மூலையில் டாக்குமென்ட் சைஸ் காட்டும் இடத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். அதைத் தொட்டு 'எஃபிஷியன்சி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒரு சதவீதம் காட்டும். 100 என்றால் எல்லாம் ரேமிலேயே நடக்கிறது. அதற்குக் கீழே போனால் ஸ்கிராட்ச் டிஸ்க்கை, அதாவது ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் தற்காலிக இடத்தைத் தொட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வேலை நடுவே அது அடிக்கடி 90-க்குக் கீழே இறங்குகிறது என்றால் ரேம் போதவில்லை. யாராவது தெரிந்த ஸ்டூடியோவில் 16 ஜிபி மெஷினில் அவருடைய ஒரு ஆல்பம் ஃபைலைத் திறந்து அரை மணி நேரம் வழக்கம் போல் வேலை பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சதவீதம் இறங்கவே இல்லை என்றால் 16-ஓடு நில்லுங்கள். இறங்கினால் 32. யார் அபிப்பிராயமும் வேண்டாம், அந்த எண்ணே சொல்லிவிடும்.

நாளைக்கு அவர் கல்யாண வீடியோ எடிட்டிங்கிலும் இறங்கினால் 32 பற்றி யோசிக்கவே வேண்டாம். 4கே வீடியோவில் ஒரே ஒரு ஃபிரேம் 83 லட்சம் புள்ளி. புள்ளிக்கு நான்கு பைட் வைத்தால் ஃபிரேம் ஒன்றுக்கு 33 எம்பி. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு நொடி வீடியோ விரிந்தால் கிட்டத்தட்ட 1 ஜிபி. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேர் 16 ஜிபி கேட்கிறது, அதிலேயே ஃபியூஷன் எஃபெக்ட் பயன்படுத்தினால் 32 கேட்கிறது.

விலையையும் பேசியாக வேண்டும். முன்பெல்லாம் "காசு இருந்தால் ரேமைக் கூட்டிப் போடு, மலிவுதானே" என்று நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன். உலகத்தில் மெமரி சிப்பில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கு மூன்றும் திரும்பியதில் 2025 கடைசியில் வீட்டு ரேமின் விலை கடுமையாக ஏறியது. வீட்டு வாடிக்கையாளர்களுக்கான க்ரூசியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. அதனால் பயத்துக்காக இரண்டு மடங்கு வாங்கி வைப்பது இன்றைக்குச் சரியான யோசனை இல்லை. தேவையை அளந்து வாங்குங்கள், பின்னால் கூட்ட வழி இருக்கும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள்.

அந்த 'வழி' எப்படி இருக்க வேண்டும் என்றால், டெஸ்க்டாப் அசெம்பிள் செய்வதானால் எண்ணிக்கையில் இரண்டு ஸ்டிக். 16-க்கு இரண்டு எட்டு, 32-க்கு இரண்டு பதினாறு. இரண்டு ஸ்டிக் இருந்தால் பிராசஸர் இரண்டு பாதையில் ஒரே நேரத்தில் எடுக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் இந்த வித்தியாசம் கேமில் கண்ணுக்கே தெரியும். மதர்போர்டில் நான்கு ஸ்லாட் இருக்கிறது, பிறகு இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளலாம் என்று பழைய தலைமுறை ரேமான டிடிஆர்4-இல் தைரியமாகச் சொல்லலாம். அடுத்த தலைமுறையான டிடிஆர்5-இல் நான்கும் நிரம்பினால் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் ஓடும். அதனால் டிடிஆர்5 வாங்குபவர்கள் 32 வேண்டுமா இல்லையா என்பதை முதலிலேயே முடிவு செய்வது நல்லது. லேப்டாப் என்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ரேம் போர்டிலேயே சால்டர் செய்ததா, ஸ்லாட் இருக்கிறதா?" மெல்லிசாக அழகாக இருக்கும் பல லேப்டாப்களில் ஸ்லாட்டே இருக்காது. மேக்புக் எல்லாம் அப்படித்தான், வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசி வரை. நல்ல வேளை, 2024 அக்டோபரில் அறிமுகமான புது மேக்களில் ஆப்பிள் 16-ஐயே ஆரம்ப அளவாக்கியது.

பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போடுங்கள். 28 மணி நேரம் கால் மணி நேரமாகக் குறைந்துவிடும் அல்லவா, ரேமைத் தொடாமலேயே பாதி நோய் தீரும். அதன் பிறகு டாஸ்க் மேனேஜரில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற வரியைப் பாருங்கள். '1 ஆஃப் 2' என்று இருந்தால் ஒரு ஸ்லாட் காலி இருக்க வாய்ப்புண்டு. பின்மூடியைத் திறந்து நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வாங்கப் போகும்போது பழைய ஸ்டிக்கைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். இதைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் தம்பியின் பழைய லேப்டாப்புக்கு "டிடிஆர்3 லேப்டாப் ரேம்" என்று வாய்வார்த்தையாகக் கேட்டு ஒரு கடையில் வாங்கினேன். செருகினேன், கச்சிதமாக உட்கார்ந்தது, இரண்டு பக்கக் கொக்கியும் கிளிக் என்று மூடின. பவர் போட்டால் விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை. இரண்டு நாள் மதர்போர்டு போய்விட்டது என்றே நினைத்தோம். பிறகு பழைய ஸ்டிக்கை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, அதன் ஸ்டிக்கரில் பிசி3 என்பதற்குப் பக்கத்தில் ஒரு 'எல்' எழுத்து. அது 1.35 வோல்ட்டில் ஓடும் வகை. நான் வாங்கியது 1.5 வோல்ட். இரண்டுக்கும் பல் எண்ணிக்கையும் வெட்டுப் பள்ளமும் ஒன்றே, ஆனால் அந்த லேப்டாப் 1.35 மட்டும்தான் ஏற்கும். டிடிஆர்4, டிடிஆர்5-க்கு இந்தக் குழப்பம் இல்லை, ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. உங்கள் லேப்டாப் வயதைப் பார்த்தால் டிடிஆர்4 ஆகத்தான் இருக்கும், இருந்தாலும் ஸ்டிக்கரைப் படித்துவிடுங்கள். 4 அல்லது 8 சேர்த்தால் டாலிக்கு அது இன்னும் சில வருடம் உழைக்கும். ஆனால் அந்த வயது லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காமல் போகலாம். இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை மைக்ரோசாஃப்ட் பெரும்பாலும் சேர்க்கவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அப்படியானால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டு, யூடியூபுக்கும் பேப்பர் படிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள், 4 ஜிபியிலேயே ஓடும். டாலியைப் புது மெஷினுக்கு மாற்றிவிடுங்கள்.

புது மெஷின் வீட்டுக்கு வந்த அன்றே இரண்டு வேலை செய்யுங்கள். டாஸ்க் மேனேஜரில் ரேமின் 'ஸ்பீடு' என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பெட்டியில் 3200 என்று போட்ட டிடிஆர்4 ஸ்டிக், அசெம்பிள் செய்த மெஷினில் 2133 அல்லது 2400-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் தொடங்குவதற்கு முன் திறக்கும் பயாஸ் திரையில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் காசு கொடுத்த வேகம் வரும். கடைக்காரரையே செய்து தரச் சொல்லலாம், இரண்டு நிமிட வேலை. அப்புறம் இரவு படுக்கப் போகும்போது ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்று தேடி ஓட விடுங்கள். காலையில் அது ஒரே ஒரு பிழை காட்டினாலும் சமாதானம் எதையும் கேட்காமல் ஸ்டிக்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். கெட்ட ரேம் உடனே நிற்காது, என்றாவது ஒருநாள் ஆல்பம் ஃபைலை சேவ் செய்யும்போது அதைக் கெடுத்துவைக்கும். பல பிராண்டுகள் ரேமுக்கு நீண்ட கால வாரண்டி தருகின்றன, எனவே பில்லை அந்த ஸ்டிக் வந்த உறைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.